வெளியே போகும் பழக்கம்

என் ஆசை லூர்து அண்ணிக்கு,

உன் புருஷன் படுத்துவிட்டான். நலம் விசாரித்து மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை கேட்கவில்லை. மூன்று வாரமாக இந்தச் செய்தியை உனக்குச் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன், ஆனால் உடனே கொடுக்கவில்லை. சட்டியில் இருந்த மீனை அலசி முடித்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எழுந்தேன். நீ இந்த வீட்டில் இருந்த கடைசி மாதங்களில், ஓயாத ஜுரம் என்று உனக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்தார்களே, நசுங்கின அலுமினிய டம்ளர், அதைப் பரண்மேல் தேடி எடுத்து அதில்தான் ஊற்றினேன். அவனுக்கு அது என்ன டம்ளர் என்று தெரிந்தது. வாங்கிக் குடித்தான்.

நம்ம பிலோமியா இப்படி என்று கேட்பாய். ஆமாம், நான்தான். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. எல்லோரும் ரெண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று டீக்கடையில் ஆசையாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இந்த வருஷம் முடிவதற்குள் ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நோட்டீஸாக அச்சடிக்கக் கொடுக்கப்போகிறேன். உன் நினைவு நாளில் ஓடைக்கரையில் வீட்டுக்கு வீடு கொடுப்பேன். நினைவஞ்சலி நோட்டீஸ் என்றால் ஒரு போட்டோ, நாலு வரி, குடும்பத்தார் பெயர், அவ்வளவுதானே என்கிறார் பிரஸ்காரர். என் அண்ணிக்கு நாலு வரி போதாது என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிந்ததையே நடுநடுவே விளக்கிச் சொன்னால் பொறுத்துக்கொள். படிக்கிறவர்களுக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

மண்ணூர்பேட்டைக்குப் பின்னால், அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளின் மதில் முடிகிற இடத்தில், ஓடையை ஒட்டி நம் வீடுகள். வீடுகள் என்றால் கூரையும் தகரமும்தான். நீ எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு பூந்தமல்லியிலிருந்து வந்த அன்று முதல் கேள்வியாக என்னிடம் என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? காதோடு காதாக, கக்கூஸ் எங்கே என்று கேட்டாய். நான் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த முள்ளுக்காட்டைக் காட்டினேன். உன் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மறுநாள் விடியும் முன்னால் நம் தெருப் பெண்களோடு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கொரு டப்பா. ஐந்தாறு பேராகச் சேர்ந்துதான் போவோம். தனியாகப் போனால் பாம்பு பயம், அதைவிட ஆம்பிளை பயம். ஒரு வாரத்தில் நீதான் எல்லோரையும் கதவைத் தட்டி எழுப்ப ஆரம்பித்தாய். "வெளிய போவலாம் வாங்கடி" என்று நீ வாசலில் நின்று கூப்பிடும் குரலில்தான் நம் வரிசையே விழிக்கும்.

வெளியே போவது. நமக்கு அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். பிறந்ததிலிருந்து அதுதான் அர்த்தம்.

அப்புறம் அந்த சர்வே வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் ஓடைக்கரையின் சுகாதாரத் தேவைகளைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறது, பிளஸ் டூ படித்த உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். எனக்குத் தோளில் மாட்டும் பையும், கிளிப் வைத்த அட்டையும் கொடுத்தார்கள். அந்த அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது நீ வாசலில் நின்று, கலெக்டரம்மா போகிறாள் பார் என்று ஊரைக் கூட்டினாய்.

ஆய்வு எயிட்ஸ் பற்றியது என்று யாரும் எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு வியாதியைப் பற்றியது, பெயரைச் சொன்னால் ஜனங்கள் பயந்துபோவார்கள், சுகாதார ஆய்வு என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் கருணாகரன் சார். அவர்தான் ஆய்வு அதிகாரி. நல்ல சட்டை, மெதுவான பேச்சு, எங்களை 'அம்மா' போட்டுத்தான் கூப்பிடுவார். ஒரே ஒரு காலைப் பொழுது பயிற்சி கொடுத்தார். தாளில் இருப்பதை அப்படியே படிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நீங்களாக யூகிக்கக் கூடாது. இந்த ரெண்டு விதியையும் எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

முதல் பதினாறு கேள்விகளை ஒவ்வொன்றாக விளக்கினார். குழாய் எங்கே, தண்ணீர் எத்தனை குடம், குப்பை எங்கே கொட்டுகிறீர்கள், கழிப்பறை வசதி உண்டா. பதினேழாவது கேள்விக்கு வந்ததும் தொண்டையைக் கனைத்தார். மேஜையைப் பார்த்தார். இது கொஞ்சம் கூச்சமான விஷயம், பெண்களுக்குள் நீங்களே புரிந்துகொண்டு கேளுங்கள் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டோம். எங்களுக்கும் அது கூச்சமான விஷயம்தானே?

அந்தக் கேள்விகளை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். 'வெளியே போகும் பழக்கம் உண்டா? ஆம் எனில், எத்தனை பேருடன்? பாதுகாப்புடன் போவீர்களா?'

கழிப்பறை வசதி உண்டா என்ற கேள்விக்கு அடுத்தாற்போலவே அது இருந்தது. நான் என்னவென்று நினைப்பேன்? ஓடைக்கரையில் எந்தப் பெண்தான் வேறு விதமாக நினைப்பாள்?

நம் வீட்டுக்கு நான் வந்தபோது நீ அடுப்பு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். பதினேழாவது கேள்வியைப் படித்ததும் கண்ணீரும் சிரிப்புமாக என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"இன்னாடி கேள்வி இது? நீயுந்தான கூட வர்ற?"

கேள்வி என்றால் கேள்விதான், பதில் சொல்லு என்றேன் நான் மிடுக்காக.

"போறேன். டெய்லி போறேன். எழுதிக்கோ."

எத்தனை பேருடன் என்றேன். ஆறு பேர், பச்சையம்மா வந்தால் ஏழு என்றாய். பாதுகாப்புடன் போவீர்களா என்றேன். "பாதுகாப்பா? ஒரு டார்ச்சு லைட்டு கூட கெடையாது. பாம்புக்கு பயந்துகினுதான் போறோம்" என்றாய். நான் எல்லாவற்றையும் விதிப்படி எழுதினேன். ஆம். ஆறு முதல் ஏழு பேர். பாதுகாப்பு இல்லை.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். எஸ்டேட்டில் லேத்து வேலை. ரெண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற நேரம். அவனையும் கேட்டேன். "நா எதுக்கு வெளிய போறேன், கம்பெனிலயே கக்கூஸ் கீது" என்றான். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பம்பாய்க்கு மிஷின் இறக்கி வைக்க வருஷத்துக்கு ரெண்டு தடவை போய், ஒன்றரை மாதம் தங்கிவிட்டு வருகிறவன் அவன். கம்பெனி வேலையைத் தவிர வாசல் தாண்டி நாலடி போனால் என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவள் நீ. என் தாளில் நீ வெளியே போகிறவள் ஆனாய். அவன் போகாதவன் ஆனான். என் கையால், என் பேனாவால்.

முதல் குற்றவாளி நான்தான் அண்ணி. அதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்ட எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் திட்டாமலும் விடமாட்டேன்.

சர்வே முடிந்து சில மாதம் கழித்து, மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். நீ அப்போதே பாதியாய் இளைத்திருந்தாய். விட்டுவிட்டு ஜுரம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணிப் பிசிறு வெட்ட உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்பாய். ரத்தம் எடுத்தார்கள். எதற்கு எடுக்கிறோம் என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை. முடிவையும் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னது உன் புருஷனிடமும் மாமியாரிடமும்தான்.

அன்றைக்கு நான் வேலையாக அடுத்த காலனிக்குப் போயிருந்தேன். நடந்ததெல்லாம் அப்புறம் பச்சையம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வேலி ஓரம் துணி காயப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கருணாகரன் சார் நாற்காலியில் உட்கார்ந்து வியாதியின் பெயரைச் சொன்னார். அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். இது எப்படி வந்தது என்று கேட்டாள். சார் பையைத் திறந்து தாளை எடுத்தார். தாளில் பெயர் கிடையாது, வீட்டு நம்பர் உண்டு. மூன்றாம் வரிசை, ஒன்பதாம் வீடு.

"உங்க மருமகளே மறைக்காம சொல்லியிருக்காங்கம்மா. ஆறு ஏழு பேர்னு எழுதியிருக்கு. உங்க பையன் மேல தப்பு ஒண்ணும் தெரியல."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னாராம். அந்த ஆறுதல் நாசமாய்ப் போக.

கருணாகரன் சாருக்காவது தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அவர் பிறந்த வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருந்திருக்கும். வெட்கப்பட்டு எழுதின கேள்வி, வெட்கப்பட்டு விளக்கின பயிற்சி. நேராகக் கேட்க வாய் வராதவருக்கு எதற்கு இந்த ஆய்வு? சரி, அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

என் அண்ணன் அந்தோணி அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படித்தான். பத்தாவது வரை படித்தவன். மூன்று கேள்வியையும் பதிலையும் முழுதாகப் படித்தான். ஓடைக்கரையிலேயே பிறந்தவன். அதே முள்ளுக்காட்டுக்கு டப்பா தூக்கிக்கொண்டு ஓடினவன். தினமும் விடியலில் நீ வாசலில் நின்று தெருவையே கூப்பிடுவதைப் படுக்கையிலிருந்தே கேட்டவன். 'சார், அது வேற வெளிய சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த இடத்தில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அடுத்த கேள்வி அவன் பக்கம் திரும்பியிருக்கும்.

அதனால்தான் அவன் சொல்லவில்லை. தாளை மடித்து சாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வியாதி வந்ததற்காக அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. தொலைதூரத்தில் தனியாகக் கிடக்கிற ஆம்பிளைகள் என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியும். வியாதியை எவனும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் அந்த மௌனத்தை அவன் கேட்டு வாங்கினான். உன்னைக் கொடுத்து வாங்கினான்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வந்தபோது உன்னைத் தாய் வீட்டுக்குத் துரத்திவிட்டிருந்தார்கள், நீ மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தாய். உன் மகள் ரீட்டாவை உன்னோடு அனுப்பவில்லை. ஆறு வயசுக் குழந்தை, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் நீ அழவில்லை. என் கையைக்கூடத் தொடவில்லை, தொட்டால் எனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அதற்குள் உன்னை நம்பவைத்திருந்தார்கள்.

"அந்த பேப்பர்ல இன்னாடி எழுதின?"

நீ சொன்னதைத்தான் அண்ணி என்றேன். அதைச் சொன்னபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பயிற்சியில் சார் மேஜையைப் பார்த்தது, பக்கத்தைத் திருப்பினது, எல்லாம். அந்தக் கேள்வி முள்ளுக்காட்டைப் பற்றியது இல்லை, வேறு ஆம்பிளைகளோடு போவதைப் பற்றியது என்று உன்னிடம் விளக்கிச் சொன்னேன். பூந்தமல்லி பஸ் வந்து நின்றது.

"அத்த அடிச்சிடு பிலோமி. வேற ஒண்ணும் வாணாம். என் வூட்டு நம்பருக்கு நேரா கீறத அடிச்சிடு."

அது ஒன்றுதான் நீ கேட்டது. வாழ்க்கையில் நீ என்னிடம் கேட்ட ஒரே காரியம்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மாவிடம் கத்தினேன். நீ வெளியே போனது முள்ளுக்காட்டுக்கு, நானும் கூடத்தான் போனேன், நீயும்தான் இத்தனை வருஷமாகப் போகிறாய் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எய்துனது நீ. இப்ப இல்லன்றதும் நீயா?" என்றாள். அண்ணன் பக்கம் திரும்பினேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை கருணாகரன் சாரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது, அதை நான் பார்த்தேன். என் பையில் இருப்பது நகல்தான், எல்லாத் தாளும் மேலிடத்துக்குப் போய்விட்டது, இப்போது மாற்றினால் முழு ஆய்வும் தப்பு என்று ஆகிவிடும் என்றார். உங்கள் அண்ணி விஷயம் எனக்கு வருத்தம்தான், ஆனால் அறிக்கை வேறு, தனி மனுஷி வேறு என்றார். அந்த வாக்கியத்தை நான் வேலை விட்டு வந்த பிறகும் பல மாதம் வாய்க்குள் மென்றுகொண்டிருந்தேன்.

அறிக்கை வந்தது. ஓடைக்கரையில் ஏறக்குறைய எல்லா வீட்டுப் பெண்களுக்கும் வெளியே போகும் பழக்கம் உண்டு, பல பேருடன், பாதுகாப்பு இல்லாமல் என்று அச்சடித்தார்கள். கம்பெனி கேட்டுகளில் 'ஓடைக்கரையா?' என்று ஒரு மாதிரி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எப்படித் தெரிந்ததோ, யார் சொன்னார்களோ. வீட்டு வேலைக்குப் போன பெண்களை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

அந்த அறிக்கையை வெளியிட அம்பத்தூரில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்களே, அதை உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து சொன்னேன். இன்னொரு தடவை சொல்கிறேன், எனக்கு அதில் அலுப்பே கிடையாது. நாங்கள் பதினெட்டுப் பெண்கள் பஸ் ஏறிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் பேனர், மைக், சால்வை. கருணாகரன் சார் பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். நான் எழுந்தேன். முன்னால் பணியாற்றிய பெண் என்று அவரே பெருமையாகச் சொல்லி மைக்கை அனுப்பினார்.

"சார், இன்னைக்குக் காலைல நீங்க வெளிய போனீங்களா?"

"போனேனே. அஞ்சரைக்கெல்லாம் போயிட்டேன்" என்றார் அவர் சிரித்த முகமாக. கூட்டத்துக்குச் சீக்கிரம் வந்ததைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

பின்வரிசையில் பச்சையம்மாதான் முதலில் வெடித்தாள். அப்புறம் பதினெட்டுப் பேரும். எத்தனை பேருடன் போனீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். டார்ச் கொண்டு போனீர்களா என்று இன்னொருத்தி. எழுதிக்கொள், சாருக்கு அந்தப் பழக்கம் உண்டு என்றாள் பச்சையம்மா. அதற்குப் பிறகு நான் சிரிக்காமல், பதினேழாவது கேள்வியை அவர் எழுதினபடியே படித்து, ஓடைக்கரையில் அதற்கு என்ன அர்த்தம் என்று மைக்கில் சொன்னேன். மேடையில் விருந்தினராக உட்கார்ந்திருந்த ஒரு டாக்டரம்மா கையிலிருந்த அறிக்கையை மூடி, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். சார் போர்த்தியிருந்த சால்வையின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். அந்த முகத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

நீ கேட்டுவிட்டுச் சிரித்தாயே அண்ணி, பாயில் புரண்டு சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உன் அம்மா ஓடிவந்து முதுகைத் தடவினாள். மூச்சு வந்ததும் நீ கேட்டாய், "அப்ப அடிச்சிட்டாங்களா?" இல்லை என்றேன். திருந்திய அறிக்கை வரவே இல்லை. அந்தத் தாள் இன்றைக்கும் எந்த அலுவலகத்தின் எந்த பீரோவில் இருக்கிறதோ, அதில் நீ ஆறு ஏழு பேருடன் போகிறாய்.

ஒன்றரை வருஷம் நீ பூந்தமல்லியில் கிடந்தாய். ஞாயிறுதோறும் கோயிலுக்கு என்று பொய் சொல்லி ரீட்டாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். நீ அவளைத் தூரத்தில் உட்காரவைத்துத்தான் பேசுவாய். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று அந்த டாக்டரம்மா பின்னால் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதற்குள் நீ போய்விட்டாய். உன் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. ஒரு மாலைகூட வரவில்லை. உன் அம்மா கட்டின மல்லியும் நான் வாங்கின மெழுகுவத்தியும்தான்.

டாக்டரம்மா எழுதிப் போட்டார், நாங்களும் நகராட்சிக்கு நடையாய் நடந்தோம். நீ போன அடுத்த வருஷம் ஓடைக்கரையில் கழிப்பறை கட்டினார்கள். எட்டு அறை, குழாய், மேலே ஒரு டியூப் லைட். இன்றைக்கு நம் தெருவில் யாரைக் கேட்டாலும் வெளியே போவதில்லை என்றுதான் சொல்வார்கள். நான் முதல் நாள் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உனக்காக அழுதேன்.

இப்போது அண்ணன் கதை. போன வருஷமே அவனுக்கு ஜுரம் ஆரம்பித்துவிட்டது. இந்த வருஷம் எழுந்து நடக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து அதே வியாதிதான் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. பேய் பிடித்தவள் மாதிரி அரிசியைப் புடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

போன வாரம் மாதா கோயில் சாமியார் வீட்டுக்கு வந்தார். அவன் பாவசங்கீர்த்தனம் செய்தான், நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே என்ன சொன்னான் என்று தெரியாது. சாமியார் அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, மன்னிக்கப்பட்டான் என்று சொல்லிப் போனார். சாமியார் காதில் சொன்னால் போதுமா? உன்னைப் பற்றி ஊர் காதில் விழுந்ததே, அதை யார் எடுப்பது?

சர்வே முடிந்தபோது மிஞ்சின ஒரு வெற்றுத்தாளை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். பழைய கிளிப் அட்டையும் இருந்தது. மறுநாள் காலை தாளை அதில் மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் வரிசை, ஒன்பதாம் வீடு என்று எழுதினேன். முதல் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். குழாய் எங்கே, தண்ணீர் எத்தனை குடம். அவன் என்னை வெறித்துப் பார்த்தான். பதில் சொன்னான். அம்மா மூலையில் முறத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கழிப்பறை வசதி உண்டா என்றேன். உண்டு என்றான். அப்புறம் பதினேழாவதைப் படித்தேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "உனுக்குத் தெரியாதா பிலோமி" என்றான்.

"சொல்றதத்தான் எய்தணும். நானா எய்தக் கூடாது. அதான் ரூலு."

அம்மாவின் முறம் நின்றுபோனது. நான் பேனாவைத் தாளில் வைத்தபடியே காத்திருந்தேன். எஸ்டேட்டில் ஷிஃப்டு சங்கு ஊதி ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் அவன் பேசினான்.

"போனேன். பம்பாயில போனேன். நாந்தான் போனேன். லூர்து எங்கியும் போவல. அந்தப் பேப்பரப் படிக்கறப்பவே எனக்குத் தெரியும்."

அப்படியே எழுதினேன், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன் என்றேன். காட்டு என்றான். அம்மாவைச் சாட்சியாகக் கைநாட்டு வைக்கச் சொன்னேன். முறத்தைத் தள்ளிவிட்டு வந்து மை தடவ விரலை நீட்டினாள். 'லூர்து, லூர்து' என்று உன் பெயரைச் சொன்னாள். நீ போன பிறகு அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து உன் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

மனசு ஆறியதா என்று கேட்பாய். ஆறவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. அதனால்தான் நேற்று தண்ணீர் கேட்டபோது அந்த டம்ளரைத் தேடினேன். ஆனால் ரீட்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அதைப் பார்த்துவிட்டாள். "இது எங்கம்மா டம்ளரா அத்த?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அதை எடுத்துக் கழுவி, பானையிலிருந்து மொண்டு, மடக்மடக்கென்று குடித்தாள். இனிமேல் இது என்னுடையது என்று சொல்லித் தன் புத்தகப் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பத்து வயசு முடிந்துவிட்டது அண்ணி, உன் மூக்கு, உன் திமிர். இனிமேல் அவனுக்கு அந்த டம்ளர்கூடக் கிடையாது. வீட்டு எவர்சில்வர் டம்ளரில்தான் குடிக்கிறான்.

கடைசியாக ஒன்று. கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவன் என்னிடம் ஒன்று கேட்டான். "என்ன லூர்து கூடவே வெப்பியா?"

நம்மவர்களில் புருஷன் பெண்டாட்டியை ஒரே குழியில் வைப்பது வழக்கம்தானே. சில வருஷம் போனால் அதே குழியைத் திறந்து மேலே வைப்பார்கள். பூந்தமல்லி போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா பூத்தொடுப்பதை நிறுத்தாமலே, பிலோமி சொன்னால் திறக்கட்டும், சொல்லாவிட்டால் வேண்டாம் என்றுவிட்டாள்.

எனவே பொறுப்பு என் கையில் வந்திருக்கிறது. நான் யூகித்து எழுதப் போவதில்லை. அர்த்தம் புரியாமல் உன் பெயரில் ஒரு தடவை எழுதினது போதும். நீதான் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. உன் குணத்துக்கு நீ சரி என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாகக்கூட இருக்கிறது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவனுக்குக் கஞ்சி கொடுப்பேன், மாத்திரை கொடுப்பேன், புண்ணைத் துடைத்துவிடுவேன். அவனைத் தொட எனக்குப் பயமில்லை. உன் நினைவு நாளில் அந்தத் தாளை உன் கல்லறை முன்னால், தெருவே கூடியிருக்க, ரீட்டா வாயால் படிக்கவைப்பேன். ஆனால் உன்னிடமிருந்து பதில் வராத வரைக்கும் உன் குழியைத் திறக்க விடமாட்டேன். வெளியே போனவள் என்று உன்னை அனுப்பினானே, இனி அவன்தான் வெளியே.

இப்படிக்கு,
உன் வீட்டு நம்பருக்கு நேராக இருந்ததை அடித்துத் திருத்தி எழுதிவிட்ட
உன் நாத்தனார்,
பிலோமினா